வீரன் எப்படி உம்மணாமூஞ்சி ஆனான்: ‘மூடி’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை

‘அவர் கொஞ்சம் மூடி டைப், பார்த்துப் பேசுங்க.’ அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை எப்படியும் ஒருமுறை கிடைத்துவிடும். அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரிக்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். அதிகம் பேசமாட்டார் என்பார் ஒருவர். சட்டென்று எரிந்து விழுவார் என்பார் அடுத்தவர். காலையில் சிரித்துவிட்டுச் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று மூன்றாமவர் விளக்குவார். எப்பவும் சோகமாக இருப்பார், அவ்வளவுதான் என்று நான்காவது ஆள் முடித்துவைப்பார்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதிலும் இதே கதைதான். நிலவைக் குறிக்கும் ‘மூன்’ என்ற சொல்லின் தம்பி என்பார்கள், ஏனென்றால் நிலவு தேய்ந்து வளர்வதுபோல மனநிலையும் மாறுகிறதாம். ஆங்கில இலக்கணத்தில் வரும் ‘மூட்’தான் இது என்று சிலர். நம் ‘மூட்டம்’ கடல் தாண்டிப் போய் ‘மூட்’ ஆனது என்றும் ஒரு கட்சி உண்டு. மூன்றுமே தவறு. (பாத்திரத்தின் மூடிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருத்தமாக அமைந்துவிட்டது தற்செயல்.)

முதலில் இந்தச் சொல் இன்று எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பின்னோக்கிப் போகலாம்.

உணர்ச்சி வேறு, மூட் வேறு

சமையலறையில் தாளிக்கிறார்கள். எண்ணெயில் கடுகு படபடவென்று வெடித்துச் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. எது வெடித்தது, ஏன் வெடித்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உணர்ச்சி அப்படித்தான். பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டார், கோபம் வந்தது, போய்விட்டது. கோபத்துக்கு ஒரு காரணமும் ஒரு ஆளும் இருக்கிறார்கள்.

தாளித்த வாசனையோ அடுப்பை அணைத்த பிறகும் வீடு முழுக்க நிற்கும். வெளியிலிருந்து வருபவருக்கு அது எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தது என்று தெரியாது, ஆனால் கூடத்தில் இருக்கும் சோபாவிலும் அந்த வாசனை அடிக்கும். அதுதான் மூட். குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் பாயாமல், நாம் பார்க்கிற எல்லாவற்றின் மேலும் படர்ந்திருக்கும் மனநிலை அது. மணிக்கணக்கில் இருக்கலாம், சிலசமயம் நாள்கணக்கிலும். காரணம் கேட்டால் ‘தெரியலை, என்னவோ மாதிரி இருக்கு’ என்போம்.

இன்னும் ஒரு படி மேலே போனால் இயல்பு. அந்த வீட்டுச் சமையலே எப்போதும் காரம்தான் என்பதுபோல, ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்துவரும் குணம். ‘மூடி’ என்று ஒருவரைச் சொல்லும்போது மூட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் அவருடைய இயல்பைப் பற்றித்தான் தீர்ப்புச் சொல்கிறோம். பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் ‘மூடி’க்கு இன்று இரண்டு முக்கியப் பொருள்கள். ஒன்று, முகம் வாடி உம்மென்று இருப்பவர். இரண்டாவது, மனநிலை அடிக்கடி மாறுபவர். ஆக, அலுவலகத்து ஆட்கள் நால்வரும் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ஒரே சொல்லின் வெவ்வேறு மூலையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மனநிலை அடிக்கடி மாறுபவரை ‘பைபோலார்’ என்று கிண்டலடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மருத்துவத்தில் பைபோலார் என்பது, மிதமிஞ்சிய எழுச்சி நிலையும் ஆழ்ந்த மனச்சோர்வும் கட்டங்களாக வரும் நோய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டுப்படி, முழு எழுச்சிக் கட்டம் என்று சொல்ல அது குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும் (மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றினால் இந்தக் கணக்கு கிடையாது). மனச்சோர்வுக் கட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம். காலையில் சிரித்து மாலையில் முறைப்பது அந்தக் கணக்கில் வராது.

‘மூட் அவுட்’ என்பது நம் தயாரிப்பு

‘இன்னைக்கு மூட் அவுட்’ என்று ஒரு லண்டன்காரரிடம் சொன்னால் விழிப்பார். அது இங்கே செய்தது. இதில் நான் ரசிக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் வெறும் ‘மூட்’ என்றால் நல்ல மனநிலை. அது இருந்தால் பாடுவோம், எழுதுவோம், சினிமாவுக்குப் போவோம். இல்லையென்றால் ‘மூடே இல்லை’. ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் இன் எ மூட்’ என்று வேறு அடைமொழி எதுவும் இல்லாமல் சொன்னால், அந்த ஆள் கடுகடுவென்று இருக்கிறார் என்று பொருள். அங்கே மூட் இருந்தால் ஆபத்து, இங்கே மூட் போனால் ஆபத்து.

ஏன் இந்தத் தலைகீழ்? என் ஊகம் இது: ஆங்கிலத்திலேயே ‘இன் த மூட்’ என்று இன்னொரு தொடர் உண்டு. ஒன்றைச் செய்யும் மனநிலையில் இருப்பது என்று அதற்கு அர்த்தம். ‘எ’ என்ற சின்னச் சொல் ‘த’ என்று மாறினால் பொருளே மாறுகிறது. நாம் கடன் வாங்கியது இந்தப் பக்கத்தை. ‘மூடு வந்துடுச்சு’ என்ற பேச்சு வழக்கு சில இடங்களில் வேறு மாதிரிச் சிரிப்பை வரவழைப்பதற்கும் வேர் அதுவே.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: உணர்ச்சி குறுகியது, காரணம் தெரிந்தது. மூட் நீண்டது, எல்லாவற்றின் மேலும் படர்வது. மூடி என்பது உம்மென்று இருப்பவரையும் குறிக்கும், மாறிக்கொண்டே இருப்பவரையும் குறிக்கும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்: மோட்

பழைய ஆங்கிலம் என்று அறிஞர்கள் சொல்வது, ஏறத்தாழ 1100 வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழி. இன்றைய ஆங்கிலேயருக்கே அது தனியாகப் படித்தால்தான் புரியும். அந்த மொழியில் இந்தச் சொல்லின் உருவம் ‘மோட்’. பொருள் மிகப் பெரியது: மனம், நெஞ்சு, ஊக்கம், துணிவு, சிலசமயம் செருக்கு. இதனோடு மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் சேர்ந்தால் மகிழ்ந்த உள்ளம், கவலையைக் குறிக்கும் சொல் சேர்ந்தால் மனக்கவலை என்று கூட்டுச்சொற்கள் ஏராளம்.

மனத்துக்கும் துணிவுக்கும் ஒரே சொல்லா என்று தமிழ் படித்தவர்கள் வியக்க வேண்டியதில்லை. ‘உள்ளம் உடைமை உடைமை’ என்று வள்ளுவர் ஊக்கமுடைமை அதிகாரத்தில் சொல்லும் உள்ளம் வெறும் மனம் அல்ல. மனம் எல்லாருக்கும்தான் இருக்கிறதே. அங்கே உள்ளம் என்றால் ஊக்கம். மோட் செய்த வேலையும் ஏறக்குறைய அதே வேலை.

இதிலிருந்து பிறந்த பெயரடைதான் நம் கதாநாயகன். எழுத்தில் ‘மோடிக்’, வாயில் ஏறக்குறைய ‘மோடிய்’. துணிவுள்ளவன், பெருமிதம் மிக்கவன், எதற்கும் முன்னே பாய்பவன். ஒரு படைவீரனை அப்படி அழைத்தால் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

இதற்கு நல்ல சாட்சி ஒரு போர்ப் பாடல். 991-ல் எசெக்ஸ் பகுதியில் மால்டன் என்ற இடத்தில், கடல்வழி வந்த வைக்கிங்குகளை ஆங்கிலேயர் எதிர்கொண்டனர். வந்தவர்கள் இருந்தது ஒரு திட்டு. கரைக்கு வர, நீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் ஒரு குறுகிய பாதைதான் வழி. அதை அடைத்து நின்றிருந்தாலே போதும். ஆனால் ஆங்கிலத் தலைவன் பிர்ட்நோத், எதிரிகள் கரையேறிப் போரிட வழிவிட்டான். தோற்றான், செத்தான். அவன் வழிவிட்டதற்குப் பாடல் சொல்லும் காரணம் ‘ஒவர்மோட்’, அதாவது அளவு மீறிய மோட். அது மிகையான வீரமா, ஆணவமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அதே பாடலின் கடைசிப் பகுதியில், தலைவன் விழுந்த பிறகு, பிர்ட்வோல்ட் என்ற கிழ வீரன் பேசுகிறான். நம் பலம் குறையக் குறைய எண்ணம் இறுக வேண்டும், நெஞ்சு கூராக வேண்டும், மோட் பெருக வேண்டும் என்கிறான். ஒரே பாடலில் மோட் தோல்விக்கும் காரணம், தோல்வியின் நடுவே நிற்க வைப்பதும் அதுதான். இந்தப் பாடலின் ஏட்டுப்பிரதி 1731-ல் லண்டன் தீ விபத்து ஒன்றில் எரிந்துபோனது. அதற்கு முன்பே யாரோ பார்த்து எழுதி வைத்த படி இருந்ததால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

வீரர்களுக்குப் புகழாக இருந்தது துறவிகளுக்குப் பிடிக்கவில்லை. 1000-ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஏல்ஃப்ரிக் என்ற கிறிஸ்தவத் துறவி ஆங்கிலத்தில் ஏராளமான பிரசங்கங்கள் எழுதினார். பெரும் பாவங்களைப் பட்டியலிடும்போது, லத்தீனில் ‘சூப்பர்பியா’ எனப்படும் ஆணவத்துக்கு அவர் போட்ட ஆங்கிலச் சொல், இன்றைய ‘மூடினெஸ்’ஸின் பழைய வடிவம். அப்படியென்றால் அன்றைக்கு மூடினெஸ் என்பது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அல்ல, கடவுள் முன்னாலும் தலை குனியாத திமிர்.

உறவுக்காரர்கள் என்ன ஆனார்கள்

ஆங்கிலம் தனியாள் அல்ல. ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் அதன் பங்காளி மொழிகள். இவற்றை ஜெர்மானிய மொழிகள் என்பார்கள். இந்தக் குடும்பத்தில் பலரிடமும் இதே சொல் இருக்கிறது. ஜெர்மனில் ‘மூட்’ என்றுதான் உச்சரிப்பு, பொருள் துணிவு. டச்சிலும் ஸ்வீடிஷிலும் ஏறக்குறைய அதே ஒலி, அதே பொருள். ‘எனக்கு மூட் இல்லை’ என்று ஒரு ஜெர்மானியர் சொன்னால் அவர் பயப்படுகிறார் என்று அர்த்தம்.

ஜெர்மனிலும் பழைய காலத்தில் இது மனம் முழுவதையும் குறித்தது. அதன் தடம் கூட்டுச்சொற்களில் அப்படியே கிடக்கிறது. உயரம் என்ற சொல் சேர்ந்த ‘ஹோஹ்மூட்’ என்றால் இறுமாப்பு. நீளம் சேர்ந்த ‘லாங்மூட்’ பொறுமை. கனம் சேர்ந்த ‘ஷ்வேர்மூட்’ ஆழ்ந்த சோகம். கனத்த மனம் என்று நாமும்தான் சொல்கிறோம். கொஞ்சம் எச்சரிக்கையும் தேவை: வறுமையைக் குறிக்கும் ‘ஆர்மூட்’ என்ற ஜெர்மன் சொல்லும் இதே வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அதன் வால் வேறொரு விகுதியிலிருந்து வந்தது.

இன்னும் பழைய உறவு கோத்திக், இன்று வழக்கொழிந்துபோன ஒரு ஜெர்மானிய மொழி. நான்காம் நூற்றாண்டில் விவிலியம் அந்த மொழிக்கு மாற்றப்பட்டது. அதில் இந்தச் சொல் ‘மோத்ஸ்’, பொருள் சினம்.

ஆக, ஒரே வேரிலிருந்து ஒரு வீட்டில் துணிவு, இன்னொரு வீட்டில் கோபம், ஆங்கிலத்தில் வந்துபோகும் மனநிலை. வேர்ப்பொருளை ‘உள்ளத்தின் வேகம்’ என்று வைத்துக்கொண்டால் மூன்றும் எட்டாத தூரமில்லை.

இறங்கிய படிகள்

துணிவு எப்படி உம் ஆனது? ஒரே தாவலில் அல்ல. சொற்கள் பக்கத்து வீட்டுக்குத்தான் குடிபெயரும். துணிவுள்ளவன் யாருக்கும் பணியமாட்டான். பணியாதவனைப் பார்ப்பவர்கள் திமிர்பிடித்தவன் என்பார்கள். திமிர்பிடித்தவனைச் சீண்டினால் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கொட்டாமல் உள்ளே வைத்துப் புழுங்குபவன் உம்மென்று இருப்பான். அடுத்தடுத்த இரண்டு படிகளை மட்டும் பார்த்தால் மாற்றமே தெரியாது. முதல் படியையும் கடைசிப் படியையும் வைத்துப் பார்த்தால்தான் அதிர்ச்சி.

1590-கள் வாக்கில் இந்தப் பயணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் தொடக்ககால நகைச்சுவை நாடகம் ஒன்றில், பொழுதுபோக்கே இல்லாதவனுக்கு என்ன வரும் என்று ஒரு பாத்திரம் கேட்டு, மந்தமான மனச்சோர்வு என்று பதிலும் சொல்கிறது. அந்தச் சோர்வுக்கு அடைமொழி ‘மூடி’. மால்டன் கிழவன் கேட்டிருந்தால் நொந்துபோயிருப்பான். வாடிய முகம் வந்துவந்து போவது என்பதால், அடிக்கடி மாறுபவர் என்ற பொருளுக்கு அங்கிருந்து ஒரு எட்டுதான்.

ஒரு சொல்லின் மதிப்பு இப்படி மேலிருந்து கீழே இறங்குவதை இழிபொருட்பேறு என்பார்கள். நம் ‘நாற்றம்’ இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டபோது அது நறுமணம். இன்று அதே வினையைப் பெருமாளுக்குப் பயன்படுத்த யாருக்கும் தைரியம் வராது.

‘மூட்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நடந்தது வேறு. அதற்குப் போட்டியாளர்கள் வந்தார்கள். 1066-ல் பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக நுழைந்தன. லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ‘கரேஜ்’ துணிவு என்ற வேலையை எடுத்துக்கொண்டது. முன்பு முக்கியமாக நினைவைக் குறித்த உள்ளூர்ச் சொல்லான ‘மைண்ட்’ மனம் முழுவதற்கும் விரிந்தது. (‘ரிமைண்ட்’ என்று சொல்லும்போது பழைய நினைவுப் பொருள் எட்டிப் பார்க்கிறது.) பெரிய அறைகளையெல்லாம் இவர்கள் பிடித்துக்கொள்ள, மூட்டுக்குக் கிடைத்தது வந்துபோகும் மனநிலை என்ற சின்ன அறை. இதற்குப் பொருள் குறுகல் என்று பெயர்.

சுருக்கமாக: மூடி தரம் இறங்கியது, மூட் பரப்பு குறுகியது. இரண்டும் ஒரே வேர்தான், நடந்த மாற்றங்கள் வேறு.

இலக்கணத்து மூட் வெளியாள்

ஆங்கில இலக்கணத்தில் இம்பெரேட்டிவ் மூட், சப்ஜங்டிவ் மூட் என்று படித்திருப்போம். ‘வா’ என்று ஏவுவதும், ‘வருக’ என்று வேண்டுவதும், ‘வந்தான்’ என்று செய்தி சொல்வதும் ஒரே வினையை வெவ்வேறு விதமாகச் சொல்வது. இந்த ‘விதம்’தான் அங்கே மூட். லத்தீனில் விதம், முறை, அளவு என்று பொருள்படும் ‘மோடுஸ்’ தான் அதன் தாய். அது ஆங்கிலத்தில் ‘மோட்’ (போர்ப் பாடலில் பார்த்த மோட் அல்ல, இது வேறு) ஆகி, பதினாறாம் நூற்றாண்டில் மனநிலை மூட்டின் சாயல் பட்டு ‘மூட்’ என்று எழுதப்பட்டது. ஏவல் வினை சொல்பவர் எந்த மனநிலையில் இருந்தாலும் அது ஏவல்தான். இதைப் பள்ளியில் சொல்லித் தந்திருந்தால் அந்தப் பாடம் பாதி எளிதாகியிருக்கும்.

நிலவும் மூட்டமும்

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒலி நிலையாக நிற்பதில்லை. இந்தச் சொல்லில் உள்ள ‘ஊ’ ஓசை புதிது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறின. பழைய ‘ஓ’ அப்போதுதான் ‘ஊ’ ஆனது. மூட், மூன், டூத், ஃபூட் எல்லாவற்றிலும் இரண்டு ‘ஓ’ எழுத்துகள் இருக்கின்றன, ஓசை மட்டும் ஊ. உச்சரிப்பு நகர்ந்தது, எழுத்து அங்கேயே தங்கிவிட்டது.

எனவே ‘மூட்டம்’ கட்சிக்காரர்கள் ஒப்பிட வேண்டியது ‘மூட்’ என்பதை அல்ல, பழைய ‘மோட்’ என்பதை. அப்போதே ஒற்றுமை பாதி போய்விடுகிறது. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் முறையாகப் பொருந்தும் உறவுச் சொற்கள் இருக்கும்போது, இடையில் எந்தச் சான்றும் இல்லாமல் தமிழிலிருந்து போனது என்று சொல்ல வழியில்லை. தமிழுக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

நிலவுக் கதை இன்னும் எளிதாக விழுகிறது. கோத்திக்கில் நிலவு ‘மேனா’, நம் சொல் ‘மோத்ஸ்’. ஒன்று ஏகாரம், இன்னொன்று ஓகாரம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஓசைக்கு வந்து சேர்ந்ததால் வந்த மயக்கம் இது. மனநிலைக்கும் நிலவுக்கும் நிஜமாகவே முடிச்சுப் போட்ட சொல் வேண்டுமென்றால் ‘லூனடிக்’ இருக்கிறது. லத்தீனில் ‘லூனா’ என்றால் நிலவு.

குடும்பப் பெயர்களில் ஒளிந்திருக்கும் வீரன்

பழைய பொருள் முழுக்கச் சாகவில்லை. ஆங்கிலேயர் குடும்பப் பெயர்களில் ‘மூடி’ ஒன்று. சொல் கீழே இறங்குவதற்கு முன், துணிச்சல்காரருக்கு வைத்த பட்டப்பெயர் பிறகு பரம்பரைப் பெயராகிவிட்டது. நம் ஊர் கிரிக்கெட் ரசிகர்களுக்கு டாம் மூடியைத் தெரியும். 1987, 1999 உலகக் கோப்பைகளை வென்ற ஆஸ்திரேலிய அணிகளில் இருந்தவர், 2007 உலகக் கோப்பை இறுதிப்போட்டி வரை இலங்கை அணியைக் கொண்டுபோன பயிற்சியாளர். அவர் பெயரைப் பார்த்துச் சிடுமூஞ்சி என்று நினைப்பது, பிற்காலத்தில் பிறந்த பொருளை அவர் மேல் ஏற்றுவது.

இன்னொருவர் பெயர் வணிகப் பக்கங்களில் அடிக்கடி வரும். ஜான் மூடி என்ற அமெரிக்கர் 1900-ல் நிறுவனங்களைப் பற்றிய தகவல் கையேடு ஒன்றை வெளியிட்டார், 1909-ல் ரயில் நிறுவனங்களின் கடன் பத்திரங்களுக்குத் தரம் போட ஆரம்பித்தார். அப்படி வளர்ந்ததுதான் மூடிஸ். இந்தியாவின் கடன் தரத்தை 2017-ல் உயர்த்தி, 2020-ல் இறக்கியதும் அதே மூடிஸ்தான். எந்த நாட்டுக்குக் கடன் கொடுக்க யோசிக்க வேண்டும் என்று உலகத்துக்கு எச்சரிக்கை சொல்லும் நிறுவனத்தின் பெயருக்கு, வேரில், முன்பின் பார்க்காமல் பாய்பவன் என்று பொருள்.